குறுக்கு விசாரணை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்ச்சைக்குள்ளான கொலைத் தீர்ப்பு குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சாட்சிகள் உறுதியாக நின்றார்கள், மேல்முறையீட்டிலும் தண்டனை நிலைத்தது, இனி எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பு வக்கீலைக் குறை சொல்லிப் பயனில்லை என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். கொலை போன்ற பெரிய வழக்குகளை விசாரிக்கும் செஷன்ஸ் நீதிமன்றத்தில் 26 ஆண்டுகள் சாட்சியங்களைத் தட்டச்சு செய்தவன் நான். சாட்சி உறுதியாக நின்றார் என்கிறோமே, அவரை யாராவது அசைத்துப் பார்த்தார்களா?

ஒரு வழக்கு இன்னும் மனத்தில் நிற்கிறது. எதிரிக்கு வக்கீல் வைக்க வசதியில்லை. இலவச சட்ட உதவியில் வந்த இளம் வக்கீலுக்கு அன்று காலையில்தான் வழக்குக் கட்டு கைக்குக் கிடைத்தது. நேரில் பார்த்த சாட்சி, இரவில் தெருவிளக்கு வெளிச்சத்தில் வெட்டியவரின் முகத்தைப் பார்த்ததாகச் சொன்னார். குறுக்கு விசாரணையில், அதாவது எதிர்த் தரப்பு சாட்சியைக் கேள்வி கேட்டுச் சோதிக்கும் கட்டத்தில், அந்த இளம் வக்கீல் கேட்டது இரண்டே கேள்வி. பொய் சொல்கிறீர்கள் என்று வக்கீல் சொன்னதற்குச் சாட்சி மறுத்த பதில்தான் நான் தட்டிய கடைசி வரி: "நான் பொய் சாட்சியம் அளிக்கிறேன் என்றால் சரியல்ல." அவ்வளவுதான். சில நாள் கழித்துப் புலனாய்வு அதிகாரி வந்தார். சம்பவ இடத்தைக் காட்டும் மாதிரி வரைபடம் சான்றாவணமாகக் குறியிடப்பட்டபோது நானும் பார்த்தேன். சம்பவ இடத்தருகே விளக்குக் கம்பமே குறிக்கப்படவில்லை. அதைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த எதிரி வெட்டவில்லை என்று வாதாட நான் வரவில்லை; வெட்டியிருக்கவும் கூடும். ஆனால் அந்த விளக்கு அன்று எரிந்ததா என்பதைக் கேட்க வேண்டிய ஒரே நாளில் யாரும் கேட்கவில்லை.

இதன் விளைவு வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகப் புரிவதில்லை. போலீஸ் விசாரணையில் பதிவான சாட்சியின் வாக்குமூலம் தனியே சாட்சியமாகாது. கூண்டில் சொன்னதற்கும் அதற்கும் முரண் இருந்தால், சாட்சி நிற்கும்போதே அந்தப் பகுதியைக் காட்டிக் கேட்க வேண்டும். பிறகு புலனாய்வு அதிகாரி வாயிலாக நிரூபிக்கவும் வேண்டும். விட்டால் விட்டதுதான். உயர் நீதிமன்றத்துக்கு எவ்வளவு பெரிய வக்கீல் போனாலும், அவர் கையில் இருப்பது எங்களைப் போன்றவர்கள் தட்டிய காகிதம்தான். அங்கே இந்த மௌனம் "சாட்சியம் மறுக்கப்படவில்லை" என்ற வாசகமாக மாறிவிடும். அதைத்தான் கட்டுரையாளர் உறுதி என்கிறார்.

சாட்சியைத் திரும்ப அழைக்கலாமே என்பீர்கள். முந்தைய வக்கீல் திறமையாகச் செய்யவில்லை என்பது மட்டுமே அதற்குக் காரணமாகாது என்று 2015இல் டெல்லி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது பாலியல் வன்முறை வழக்கு. பாதிக்கப்பட்டவரை மறுபடியும் கூண்டில் ஏற்றக் கூடாது என்ற கவலை நியாயமானது. ஆனால் அதே கதவு தூக்குக் கயிற்றின் கீழ் நிற்பவனுக்கும் அடைபடுகிறது.

மத்தியப் பிரதேசத்தின் காண்ட்வா வழக்கைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. 2013இல் ஒரு சிறுமியின் கொலைக்காக ஒருவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். சட்ட உதவி வக்கீலை நியமித்த அன்றே குற்றச்சாட்டு வனையப்பட்டது, அதாவது நீதிமன்றம் முறைப்படி பதிவு செய்தது. ஒரு மாதத்துக்குள் தீர்ப்பும் வந்துவிட்டது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய வழக்குகளில் குறைந்தது 10 ஆண்டு அனுபவமுள்ள வக்கீலையே நியமிக்க வேண்டும், தயாராகக் குறைந்தது 7 நாள் தர வேண்டும் என்றும் சொன்னது. மறு விசாரணையிலும் தண்டனை, பிறகு மறுபடியும் விசாரணை. 2024இல் அவர் விடுதலையானார். 11 ஆண்டுகள்!

பழியை முழுக்க வக்கீல் தலையில் கட்டுவதும் சரியல்ல. எந்தச் சாட்சியிடமும் எந்தக் கேள்வியும் கேட்க நீதிபதிக்குச் சட்டம் அதிகாரம் தந்திருக்கிறது. விளக்குக் கம்பத்தைப் பற்றி மேடையிலிருந்தே கேட்டிருக்கலாம். அரசு வக்கீலுக்கும் அந்த வரைபடம் தெரியும்.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். தாம் எழுதிய அந்தக் கொலை வழக்கின் சாட்சியப் பிரதியை வாங்கி, ஒவ்வொரு சாட்சியின் கடைசி வரியை மட்டுமாவது படிக்கட்டும். "குறுக்கு விசாரணை இல்லை" என்று எத்தனை இடத்தில் இருக்கிறது என எண்ணி அடுத்த இதழில் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றத் தட்டச்சர் ஒருவர்