அண்ணா, இந்த பேட்ச்சோடு நிறுத்திக்கொள்கிறேன்

அண்ணா,

நம் பயிற்சி வகுப்பின் அடுத்த பேட்ச்சுக்குப் பாடம் எடுக்க நான் வர மாட்டேன். காரணம் உனக்குத் தெரியும். நம் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள், அதனால் வீட்டு விஷயம் எதையும் இங்கே இழுக்கவில்லை. கணக்கைப் பற்றி மட்டும்.

இருவர் வயது விகிதம் இப்போது 3:5, ஆறு வருடம் கழித்து 2:3. நீ 2:3-ஐ 4:6 ஆக்குவாய். 3 என்பது 4 ஆனது, அந்த ஒரு பங்குதான் 6, வயது 18, 30. அரை நிமிடம்கூட ஆகாது. மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி என்னும் குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்கும் தெரியும். வேலை கிடைத்தவர்கள் இனிப்போடு நம் வாசலில் வந்து நின்றதை நானும் பார்த்தவன்தான்.

ஆனால் கடைசி பெஞ்சு அக்கா அன்று கேட்டாரே, "எதுக்கு சார் 4:6 ஆக்கணும்?" என்று. "ஏன்னு கேட்டா நேரம் போயிடும்மா, மனப்பாடம் பண்ணிக்கங்க" என்றாய். வயது வித்தியாசம் எந்நாளும் மாறாது, அதனால் இரண்டு விகிதத்திலும் வித்தியாசத்தை 2 பங்காகச் சமமாக்குகிறோம். ஒரே வரி அண்ணா!

அடுத்த கணக்கு: வகுப்பில் ஆண், பெண் 3:5. ஆறு ஆண்கள் சேர்ந்தார்கள், இரண்டு பெண்கள் போனார்கள், இப்போது 6:7. இங்கே வித்தியாசமே மாறிவிட்டது. ஆனாலும் அந்த அக்கா நீ சொன்னபடியே 6:7-ஐ 12:14 ஆக்கினார். 3 என்பது 12 ஆனதால் ஒன்பது பங்கு 6 என்று வந்தது. பெண்கள் மூன்றும் சொச்சமும். நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து 3 எக்ஸ் + 6, 5 எக்ஸ் − 2 என்று எழுதி, குறுக்கே பெருக்கச் சொன்னேன். 21 எக்ஸ் + 42 = 30 எக்ஸ் − 12. எக்ஸ் 6. "அப்போ 18 பேர், 30 பேரா?" என்று கேட்டவர், நான் சொல்லாமலே 24-க்கு 28 என்று சரிபார்த்தார். வெளியே வந்ததும், பாடத்தை இழுக்கிறேன் என்று எல்லார் முன்னாலும் என்னைக் கடிந்தாய்.

எனக்கு எக்ஸ் சொல்லிக்கொடுத்ததே நீதான். நம் வீட்டுச் சிவப்புத் தரையில் சாக்பீஸால் எழுதி, "மூணு பேர் இல்லடா, மூணு பங்கு. ஒரு பங்கு எவ்வளவுன்னு தெரியல, அதுக்குத்தான் எக்ஸ்" என்றாய். அவ்வளவு பொறுமை உனக்கு இருந்தது. ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் இயற்கணிதமும் விகிதமும் அடுத்தடுத்த பாடம். அதைப் படித்து வந்தவர்களிடம் ஏன் அதை மறைக்க வேண்டும்?

மன்னித்துக்கொள். ஆள் கிடைக்காமல் நீ திண்டாடுவாய். ஆனாலும் அந்த நோட்டை மறைத்த கையைப் பார்த்த பிறகு குறுக்குவழிப் பட்டியலை மட்டும் ஒப்பிக்க என்னால் முடியாது.

அடுத்த கைடில் என் பெயரை எடுத்துவிடு. எக்ஸ் போட்டுச் செய்த அந்த நான்கு பக்கத்தை மட்டும் எடுக்காதே.