மனுவேல் லோபோவுக்கு: நீங்கள் தொடங்கி வைத்த ஊரின் கணக்கு

மாண்புமிகு மனுவேல் லோபோ அவர்களுக்கு,

1683 ஜனவரியில் புவெனஸ் ஐரிஸில் கைதியாகவே கண்ணை மூடினீர்கள். நீங்கள் நிறுவி, ஏழே மாதத்தில் பறிகொடுத்த ஊர் அதே ஆண்டில் போர்ச்சுகலின் கைக்குத் திரும்பி வந்தது. அதைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. பிறகு நடந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். ஆறுதல் சொல்லும் கடிதம் என்று நினைத்துவிடாதீர்கள், கணக்குக் கேட்கிற கடிதம் இது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக உங்களை ஒரு வரி அறிமுகம் செய்துவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரியோ டி ஜெனீரோவின் ஆளுநர். லிஸ்பனில் ஆட்சியை நடத்திவந்த இளவரசர் பெட்ரோவின் ஆணையோடு, போர்வீரர்கள், கைவினைஞர்கள், பாதிரியார்கள், அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் என்று சில நூறு பேரைக் கப்பலேற்றிக்கொண்டு தெற்கே வந்தவர். 1680 ஜனவரியில் லா பிளாட்டா ஆற்றின் வடகரையில், சான் கப்ரியேல் தீவுக்கு எதிரே, ஒரு சிறு முனையில் இறங்கினீர்கள். திவ்ய நற்கருணையின் பெயரை ஊருக்கு வைத்தீர்கள். இன்று அது உருகுவே நாட்டில், கொலோனியா டெல் சாக்ரமென்டோ என்ற பெயரில் இருக்கிறது. ஆறு என்றுதான் பெயர், அகலத்தைப் பார்த்தால் கடல். சுமார் 50 கிலோமீட்டர் தாண்டி எதிர்க்கரையில் ஸ்பானியர்களின் புவெனஸ் ஐரிஸ்.

அந்த முனையை நீங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே எதிர்க்கரைதான். விளைநிலமோ சுரங்கமோ தேடி அவ்வளவு தூரம் யாரும் வரமாட்டார்கள்.

நிலம் யாருடையது என்று கேட்டால் உங்களிடம் காகிதம் இருந்தது. 1494-ஆம் ஆண்டு தோர்தேசிலாஸ் உடன்படிக்கை, கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் (அந்தக் காலத்துத் தூர அளவு) தொலைவில் ஒரு கோடு போட்டு உலகத்தை ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் பங்கு வைத்தது. நடுக்கடலில் தீர்க்கரேகையைச் சரியாக அளக்க அன்று யாருக்கும் தெரியாது. ஆகவே கோடு எங்கே விழுகிறது என்பது வரைபடம் போடுகிறவரின் விசுவாசத்தைப் பொறுத்தது. உங்கள் நாட்டு வரைபடங்களில் அது தாராளமாக மேற்கே நகர்ந்து, லா பிளாட்டாவின் வடகரையையும் உள்ளே இழுத்துக்கொண்டது. போதாக்குறைக்கு 1676-இல் ரியோவுக்கு ஒரு மறைமாவட்டம் ஏற்படுத்திய போப்பாண்டவரின் ஆணை, அதன் எல்லை லா பிளாட்டா வரை என்று சொல்லிவிட்டது. அந்தச் சமவெளியில் வேட்டையாடித் திரிந்த சாருவா மக்களை இந்தக் காகிதங்களில் யாரும் விசாரிக்கவில்லை.

உண்மையான காரணம் வெள்ளி. இன்றைய பொலிவியாவின் மலைமேல் பொட்டோசியில் தோண்டிய வெள்ளியின் ஒரு பங்கு சட்டத்துக்குப் புறம்பாகத் தெற்கே வழிந்து புவெனஸ் ஐரிஸ் வரை வந்துகொண்டிருந்தது. அந்த ஊருக்கோ வாசல் கடலைப் பார்த்து இருந்தும் கடல் வாணிபத்துக்கு அனுமதி இல்லை. செவில்லில் ஏற்றிய சரக்கு பனாமாவில் இறங்கி, நிலம் தாண்டி, மறுபடி கப்பலேறி லிமா போய், அங்கிருந்து மலையும் பாலையும் கடந்து கோவேறு கழுதை முதுகில் வந்து சேர வேண்டும். அதுதான் சட்டம். ஒரு முழம் துணியின் விலை வழியிலேயே பல மடங்காகிவிடும். இப்படித் தன் குடிகளையே வாட்டும் சட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு அரசு உட்கார்ந்திருந்தால், எதிர்வீட்டுக்காரன் கொல்லைப்பக்கம் கடை போடாமல் என்ன செய்வான்? நீங்கள் போட்டீர்கள். இருட்டினால் படகுகள் ஆற்றைக் கடந்தன. துணி, இரும்புச் சாமான், பிரேசில் சர்க்கரை, புகையிலை ஒருபக்கம் போக, வெள்ளியும் மாட்டுத்தோலும் மறுபக்கம் வந்தன. மனிதர்களும் சரக்கானார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களை எதிர்க்கரைக்கு விற்கும் துறைகளில் ஒன்றாகவும் உங்கள் ஊர் இருந்தது. கொலோனியாவை ஒழிக்க வேண்டும் என்று ஸ்பானிய ஆளுநர்கள் ஓயாமல் எழுதிய காலத்திலேயே, புவெனஸ் ஐரிஸ் வணிகர்கள் பலர் அதனால் கொழுத்தார்கள். தொண்ணூற்றேழு ஆண்டுகள் அந்த ஊர் தாக்குப்பிடித்ததற்கு மதில் பாதிக் காரணம், இந்த வாடிக்கையாளர்கள் மீதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

1680 ஆகஸ்ட் 7-ஐ உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. விடியுமுன் தாக்குதல். புவெனஸ் ஐரிஸ் ஆளுநர் ஹோசே டி கார்ரோ அனுப்பிய படை, அன்டோனியோ டி வேரா முஹிகா தலைமையில் வந்தது. படை என்றால் ஸ்பானியர்கள் சில நூறு பேர்தான். ஏறக்குறைய 3,000 பேர் குவாரனி மக்கள்.

இங்கேதான் என் கணக்கு தொடங்குகிறது, ஐயா. இந்த குவாரனிகள் யார்? எங்கள் வீரமாமுனிவர் சேர்ந்திருந்த அதே இயேசு சபையின் பாதிரியார்கள், பரானா, உருகுவே ஆறுகளை ஒட்டி நடத்திவந்த மிஷன் ஊர்களில் வாழ்ந்தவர்கள். உங்கள் சாவோ பாலோவிலிருந்து கிளம்பிய ஆள்பிடி கும்பல்கள் 1620-களிலும் 30-களிலும் அந்த ஊர்களுக்குள் புகுந்து ஆயிரமாயிரமாய் ஆட்களைக் கட்டி இழுத்துப் போய் அடிமைகளாக விற்றன. அதன் பிறகுதான் பாதிரியார்கள் மன்னரிடம் மன்றாடி அவர்களுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார்கள். 1641-இல் ம்போரோரேயில் அந்தக் கும்பலை அவர்கள் முறியடித்தார்கள். உங்கள் மதிலில் அன்றிரவு ஏறியவர்களுக்கு போர்த்துகீசியன் என்றால் பாட்டன் காலத்துப் பகை. நோயில் படுத்திருந்த உங்களைப் பிடித்தார்கள், ஊர் விழுந்தது. படைத்தலைவர் மனுவேல் கல்வாவ் மாண்டதும் அவர் மனைவி வாளை எடுத்துப் போரிட்டு மாண்டார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ, பிறகு கட்டியதோ, உங்களுக்குத்தான் தெரியும்.

வென்றவர்கள் பெற்றது என்ன? 1681-இல் லிஸ்பன் உடன்படிக்கையில் ஸ்பெயின் ஊரைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஐரோப்பாவில் இன்னொரு போரைத் தாங்க அதற்குத் திராணி இல்லை. வரம்பு மீறிய கார்ரோ மேல் நடவடிக்கை எடுப்பதாகவும் எழுதிக் கொடுத்தார்கள். அந்த மனிதர் அடுத்து சிலியின் ஆளுநராகப் போய்ப் பத்தாண்டு இருந்தார். எங்கள் ஊர் அரசியல் உங்களுக்கும் பழக்கம்தான் போலிருக்கிறது.

இதற்குப் பிறகு ஊர் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1704-இல் முற்றுகை, மீண்டும் ஆயிரக்கணக்கில் குவாரனிகள், 1705 மார்ச்சில் உங்கள் ஆட்கள் ஊருக்குத் தீ வைத்துவிட்டுக் கப்பலேறினார்கள். 1715-இல் உட்ரெக்ட்டில் உடன்படிக்கைக் கையெழுத்து, ஊர் மறுபடி போர்ச்சுகலுக்கு. ஆற்றின் கீழ்ப்பக்கம் இன்னொரு இடத்தையும் பிடிக்க உங்களவர்கள் 1723-இல் முயன்றதைப் பார்த்துப் பதறிய புவெனஸ் ஐரிஸ் ஆளுநர் சபாலா, அவர்களை விரட்டிவிட்டு அங்கே மான்டிவிடியோவை எழுப்பினார். இன்றைய உருகுவேயின் தலைநகரம் உங்கள் ஊருக்குப் பூட்டுப் போடத்தான் பிறந்தது. 1735 முதல் 1737 வரை இன்னொரு முற்றுகை. ஆளுநர் வாஸ்கொன்செலோஸ் ஊரை விடவில்லை. அந்த முற்றுகைக்கும் மிஷன் ஊர்கள் ஆள் அனுப்பின. விதைப்பும் அறுப்பும் விட்டு, வாரக்கணக்கில் நடந்து வந்து, தங்களுக்கு ஒரு சல்லிக்கும் உதவாத துறைமுகத்துக்காக மன்னர் பெயரைச் சொல்லிச் செத்தார்கள்.

1750 ஜனவரி 13, மாட்ரிட். இந்தத் தேதிக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அன்று இரண்டு அரசுகளும் தோர்தேசிலாஸ் கோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லையைப் புதிதாக வரைந்தன. போர்ச்சுகல் கொலோனியாவை ஸ்பெயினுக்குக் கொடுக்கும். பதிலுக்கு உருகுவே ஆற்றின் கிழக்குக் கரை போர்ச்சுகலுக்குப் போகும். அந்தக் கரையில் ஏழு மிஷன் ஊர்கள் இருந்தன. சுமார் 30,000 குவாரனிகள், கல்லால் கட்டிய தேவாலயங்கள், தலைமுறைகள் நட்டு வளர்த்த யெர்பா (தேயிலைபோல் ஊறவைத்துக் குடிக்கும் இலை) தோட்டங்கள், மந்தைகள். உங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த உடன்படிக்கை மரியாதை காட்டியது: இருக்க விரும்பினால் இருக்கலாம், போக விரும்பினால் வீடு நிலத்தை விற்றுவிட்டுப் போகலாம். ஏழு ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு தேர்வு இல்லை. எடுத்துப் போகக்கூடியதை எடுத்துக்கொண்டு, பாதிரியார்களோடு கிளம்பி, ஸ்பானிய எல்லைக்குள் வேறெங்காவது குடியேற வேண்டும். வீடும் தேவாலயமும் தோட்டமும் போர்த்துகீசியனுக்கு.

கொலோனியாவின் மதிலை ஸ்பெயினுக்காக மூன்று முறை ஏறியவர்களிடம், அதே கொலோனியாவுக்கு விலையாக உங்கள் ஊர்களைக் கொடுக்கிறோம் என்று சொன்னார்கள். கொடுக்கப் போவதும் ஆள்பிடி கும்பலின் வாரிசுகளுக்கு! காலனிய வரலாற்றில் கொடுமைக்குப் பஞ்சம் கிடையாது. ஆனால் இந்த அளவுக்கு நன்றிகெட்ட ஒரு பண்டமாற்றை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஊர்த்தலைவர்கள் 1753-இல் தங்கள் சொந்த குவாரனி மொழியில் புவெனஸ் ஐரிஸ் ஆளுநர் அன்டோனேகிக்குக் கடிதம் எழுதினார்கள். நாங்கள் மன்னருக்கு உண்மையாக இருந்தோமே, இப்படி ஒரு கட்டளை அவரிடமிருந்து வந்திருக்குமா என்று கேட்கிற கடிதங்கள். பதிலாக வந்தது படை. இரண்டு நூற்றாண்டுப் பகையாளிகளான ஸ்பெயினும் போர்ச்சுகலும் அவர்களை அடக்க மட்டும் தோளோடு தோள் சேர்ந்து வந்தன. ஏழு ஊர்களில் ஒன்றான சான் மிகேலிலிருந்து எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய செபே தியராஜு 1756 பிப்ரவரி 7-இல் விழுந்தார். மூன்று நாள் கழித்து, கைபோவாத்தேயில், ஏறத்தாழ 1,500 குவாரனிகள் சில மணி நேரத்தில் கொல்லப்பட்டார்கள். எதிர்த்தரப்பில் செத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் போர்ச்சுகல் கொலோனியாவைக் கொடுக்கவில்லை. 1761-இல் உடன்படிக்கையே ரத்து. நடக்காத ஒரு வியாபாரத்துக்காக அத்தனை பேர் செத்துப்போயிருந்தார்கள். மறு ஆண்டே புவெனஸ் ஐரிஸ் ஆளுநர் பெட்ரோ டி செவாயோஸ் கொலோனியாவை முற்றுகையிட்டுப் பிடித்தபோது, அவர் படையில் யார் இருந்தார்கள் தெரியுமா? மறுபடியும் குவாரனிகள்.

ஒரு கிளைக்கதை, எங்கள் ஊர் வாசகர்களுக்காக. அந்த ஊரை மீட்க ஆங்கிலேயர்களும் போர்த்துகீசியர்களும் சேர்ந்து 1763 ஜனவரி 6-இல் கப்பல்களோடு வந்தார்கள். பீரங்கிச் சண்டை நடுவே முதன்மைக் கப்பல் தீப்பிடித்து, அதிலிருந்த பெரும்பாலோரோடு மூழ்கியது. கப்பலின் பெயர் லார்ட் கிளைவ். 1751-இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்துப் பெயர் வாங்கிய அதே ராபர்ட் கிளைவின் பெயர்தான். ஆற்காட்டில் ஈட்டிய புகழ் கொலோனியாவின் கலங்கல் தண்ணீரில் போய் முங்கியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.

அந்த ஆண்டே பாரிஸ் உடன்படிக்கை ஊரை மீண்டும் உங்களவர்களிடம் கொடுத்தது. செவாயோஸுக்கு இந்த விளையாட்டு அலுத்துப்போயிருக்க வேண்டும். 1777-இல் அவர் ரியோ டி லா பிளாட்டாவின் முதல் வைஸ்ராயாகத் திரும்பி வந்து, ஊரைப் பிடித்ததோடு நிற்காமல் மதில்களைத் தகர்த்தார், குடிகளைக் கலைத்தார். அதற்கு மூன்று ஆண்டு முன் அங்கே பிறந்த ஒரு போர்த்துகீசியக் குழந்தை, ஹிபோலிட்டோ ட கோஸ்தா, வளர்ந்து லண்டனில் உட்கார்ந்து 1808 முதல் 1822 வரை ஒரு பத்திரிகை நடத்தினார். பிரேசிலின் இதழியல் வரலாறு அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. அவர் பிறந்த ஊர் இன்று பிரேசிலில் இல்லை என்பது வேறு விஷயம்.

1801-இல் போர்த்துகீசியர்கள் அந்த ஏழு ஊர்களையும் ஆயுதபலத்தால் பிடித்தார்கள். ஆக, கொலோனியா ஸ்பெயினுக்கு, ஏழு ஊர்கள் போர்ச்சுகலுக்கு. 1750-இல் எழுதிய அதே பண்டமாற்று, அரை நூற்றாண்டும் ஆயிரக்கணக்கான பிணங்களும் தாண்டி அப்படியே நிறைவேறியது. ஸ்பெயினிடமும் கொலோனியா நிலைக்கவில்லை. 1828-இல் உருகுவே தனி நாடானபோது உங்கள் முனை இரண்டு பேருக்கும் இல்லாமல் போனது. சான் மிகேலின் தேவாலயம் கூரையில்லாமல் பிரேசிலின் தென்கோடியில் நிற்கிறது.

உங்கள் ஊரைப் பற்றிக் கேட்கிறீர்களா? நன்றாகத்தான் இருக்கிறது. 1995-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அளவெடுத்த சதுரங்களாய் ஊர் கட்டுவது ஸ்பானியர்களின் சட்டம். உங்கள் ஆட்களோ நிலம் வளைந்த பக்கமெல்லாம் தெருவை வளைத்தார்கள். அந்தத் தெருக்களில் கரடுமுரடான கல் பாவி, நடுவில் நீர் ஓடச் சாய்வு விட்டிருக்கிறார்கள். பழைய வாயிலருகே ஒரு தெருவுக்கு உங்கள் பெயர். செவாயோஸ் பாசறை போட்ட இடத்துக்குத் தன் மன்னர் கார்லோஸின் பெயரை வைத்தார். 1910-இல் அங்கே எழுந்த பெரிய காளைச்சண்டை அரங்கம், இரண்டே ஆண்டில் அரசு தடை போட்டதால் பல காலம் பாழடைந்து கிடந்தது. அண்மையில்தான் சீரமைத்துத் திறந்தார்கள்.

தொழிலும் மாறவில்லை, ஐயா. 2012-ஐ ஒட்டி அர்ஜென்டினா அரசு மக்கள் டாலர் வாங்குவதற்குக் கடுங்கட்டுப்பாடு விதித்தது. புவெனஸ் ஐரிஸ்காரர்கள் விரைவுப் படகேறி, ஒன்றேகால் மணி நேரத்தில் கொலோனியாவில் இறங்கி, அங்குள்ள ஏடிஎம்களின் முன் வரிசையில் நின்று டாலரை எடுத்துக்கொண்டு மாலைப் படகில் வீடு திரும்பினார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மதிலை ஏறியவர்கள் பக்கம் நிற்கும் ஒரு தமிழ் வாசகன்