அவள் முகத்துக்கு வைத்த வெளிச்சம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. கல்லூரித் திரைப்பட மன்றத்தில் மூன்று மாலை ஹாலிவுட்டின் கறுப்பினப் பெண்களைப் பற்றிப் பேசப் போகிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். அம்மாவுக்குக் கால்வலி குறைந்திருப்பதும் நல்ல சேதி.

நீ அனுப்பிய குறிப்புகளைப் பார்த்தேன். வேலைக்காரி, மயக்குகிறவள், சண்டைக்காரி என்று பாத்திரங்களைப் பிரித்து வைத்திருக்கிறாய். சரிதான், ஆனால் அதோடு நிறுத்திவிடாதே. கதையில் என்ன எழுதினார்கள் என்பது பாதிதான். அந்த முகத்துக்கு எந்த லைட்டை எங்கே வைத்தார்கள், அந்த முடியை யார் கையில் கொடுத்தார்கள் என்பதில் மீதிப் பாதி இருக்கிறது. அதை ஒரு தடவை காட்டிவிட்டால் பிள்ளைகள் பிறகு எந்தப் படத்தையும் தாங்களே படித்துக்கொள்வார்கள்.

பாத்திரங்களை முதல் நாளிலேயே முடித்துவிடு. ஹாட்டி மெக்டேனியலில் தொடங்கு. 1940 பிப்ரவரி 29, லாஸ் ஏஞ்சலஸின் அம்பாஸடர் ஓட்டல். 'கான் வித் த விண்ட்' படத்தில் வேலைக்காரியாக நடித்ததற்குத் துணை நடிகை ஆஸ்கரை வாங்க வந்தவருக்கு, படக்குழுவின் மேசையில் இடம் இல்லை. தள்ளிச் சுவரோரமாக ஒரு சின்ன மேசை போட்டிருந்தார்கள். அந்த ஓட்டலுக்குள் அவரை விடுவதற்கே தயாரிப்பாளர் தனியாகக் கேட்க வேண்டியிருந்தது. நடிப்புக்காக அடுத்த கறுப்பினப் பெண் ஆஸ்கர் வாங்க 51 ஆண்டு ஆனது: 1991இல் ஊப்பி கோல்ட்பெர்க். 2012இல் ஆக்டேவியா ஸ்பென்சர் வாங்கினார், அதுவும் வேலைக்காரி வேடத்துக்கு. நல்ல நடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் 72 ஆண்டு இடைவெளியில் அதே ஏப்ரன் மறுபடி மேடை ஏறியது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சண்டைக்காரி என்கிறாயே, அவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரே உண்டு: சஃபையர். 1928இல் தொடங்கிய 'ஏமஸ் அண்ட் ஆண்டி' வானொலித் தொடரிலிருந்து வந்த பெயர் அது. ஏமஸ், ஆண்டி இரண்டு பேருக்கும் குரல் கொடுத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். அதில் புருஷனை ஓயாமல் கரித்துக்கொட்டும் மனைவி சஃபையர். 1951இல் அது தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. எதிர்த்து வழக்குக்கே போனது. இன்றைக்கும் ஒரு தொடரில் கறுப்பினப் பெண் இடுப்பில் கை வைத்துக் கழுத்தை வெட்டிப் பேசினால் அங்கே சஃபையர்தான் நிற்கிறாள்.

இரண்டாம் நாளில்தான் சுவாரசியமான விஷயம் தொடங்குகிறது. ஹாலிவுட் படங்களுக்குத் தணிக்கை விதி ஒன்று இருந்தது. 1930இல் எழுதி 1934 முதல் கறாராக நடைமுறைப்படுத்தினார்கள். கறுப்பர், வெள்ளையர் இடையே உறவைக் காட்டக் கூடாது என்பது அதில் ஒரு வரி. 1956இல்தான் அது போனது. அந்த ஒரு வரி என்ன செய்தது என்று யோசித்துப் பார். பெரிய கம்பெனிப் படங்களில் கதாநாயகன் பெரும்பாலும் வெள்ளைக்காரன். அவனோடு ஜோடி சேரக் கூடாதென்றால் கறுப்பினப் பெண் கதாநாயகி ஆவதே அரிது. மிஞ்சியது அடுப்படியும் பாட்டு மேடையும்.

பாட்டு மேடைக்குப் பாடகி லீனா ஹார்னைக் காட்டு. 1942இல் எம்ஜிஎம் படக் கம்பெனி அவரை ஒப்பந்தம் செய்தது. அந்த வருடங்களின் வெள்ளையர் படங்களில் அவர் பெரும்பாலும் தனியாகவே பாடுவார். நல்ல உடுப்பு, ஒரு தூண், அதில் சாய்ந்தபடி ஒரு பாட்டு. மற்ற பாத்திரங்களோடு ஒரு வசனம்கூட இருக்காது. காரணம் எடிட்டிங் மேசையில் இருக்கிறது: தென் மாநிலத் தியேட்டர்காரர்கள் அந்தப் பாட்டை அப்படியே கத்தரித்து எடுத்தாலும் கதை அறுபடக் கூடாது. அதற்குத் தோதாகவே ஷாட் பிரித்திருக்கிறார்கள். பாட்டுக்கு முந்தின ஷாட்டையும் பிந்தின ஷாட்டையும் ஒட்டிப் போட்டுக் காட்டு. தையல் தெரியாது. இதற்குமேல் நீ ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்காது.

கலப்பினப் பெண் என்று ஒரு வேடம் வந்தால் அதையும் பெரும்பாலும் வெள்ளை நடிகைக்கே கொடுத்தார்கள். 1951இல் வந்த 'ஷோ போட்' படத்தின் ஜூலி வேடம் லீனாவுக்குப் போகவில்லை, ஏவா கார்ட்னருக்குப் போனது. லீனாவுக்கென்று மேக்ஸ் ஃபாக்டர் ஒப்பனைக் கம்பெனி கலந்து கொடுத்த 'லைட் ஈஜிப்ஷியன்' என்ற நிறப்பூச்சை, இப்படி வேடம் கட்டிய வெள்ளை நடிகைகள் முகத்தில் பூசினார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏழைப் பெண், கிராமத்துப் பெண் என்றதும் சிவந்த நடிகையைக் கூட்டிவந்து முகத்தில் கரும்பூச்சு பூசும் வழக்கம் இங்கேயும் உண்டல்லவா, கழுத்துக்குக் கீழே நிறம் மாறுவதை எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம்.

இனி லைட். இதற்கு ஒரு மாலை முழுவதையும் ஒதுக்கு.

அந்தக் காலத்தில் கோடாக் கம்பெனி, ஃபிலிம் கழுவிப் பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, பக்கத்தில் வண்ணப் பட்டைகள். முதலில் அதற்கு நின்றவர் கோடாக்கில் வேலை பார்த்த ஷர்லி என்பவர், அதனால் அந்த அட்டைக்கே ஷர்லி கார்டு என்று பெயர் நிலைத்துவிட்டது. பிரிண்ட் போடுகிறவர் அந்த முகம் சரியாக வரும்வரை நிறத்தைத் திருகுவார். அந்த முகம் சரியென்றால் எல்லா முகமும் சரி என்று கணக்கு. ஒரே வகுப்பில் வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்த குழுப் படத்தில், ஒரு முகம் பளிச்சென்று இருக்க இன்னொன்று கண்ணும் பல்லும் மட்டுமாக நின்றது. தாய்மார்கள் புகார் சொன்னார்கள். ஆனால் கம்பெனியை அசைத்தது சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும், தங்கள் விளம்பரப் படத்தில் பழுப்பு நிறத்தின் வேறுபாடு தெரியவில்லை என்று சொன்ன புகார். இதை வகுப்பில் சொல்லும்போது நிதானமாகச் சொல். கறுப்பு முகத்துக்குக் கிடைக்காத நியாயம் மேசை நாற்காலிக்குக் கிடைத்தது.

கருவி மாறினாலும் கணக்கு தெரியாவிட்டால் அதே தப்புதான் வரும். லைட் மீட்டர் எதைப் பார்த்தாலும் அது 18 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பித் தரும் சாம்பல் நிறம் என்றே நினைக்கும். வெள்ளைத் தோல் அதைப்போல இரண்டு மடங்கு திருப்பும், அதாவது ஒரு ஸ்டாப் கூட (வெளிச்சம் இரட்டித்தால் ஒரு ஸ்டாப் ஏற்றம், பாதியானால் ஒரு ஸ்டாப் இறக்கம்). நல்ல கருந்தோல் ஒரு ஸ்டாப்போ அதற்கும் மேலோ குறைவாகத் திருப்பும். வெள்ளை நடிகரையும் கறுப்பின நடிகையையும் ஒரே ஃபிரேமில் வைத்தால் வித்தியாசம் இரண்டு ஸ்டாப்புக்கும் மேல். வெள்ளைக்காரனுக்கு ஏற்ப எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்ச அளவு, வைத்தால் அவள் கண்ணும் பல்லுமாகிவிடுவாள். மின்ஸ்ட்ரெல் கூத்துகளில் வெள்ளைக்காரர்கள் கரி பூசிக் கறுப்பராக ஆடிய கேலிச் சித்திரம் அதேதான், யாரும் நினைக்காமலே மறுபடி வந்துவிடுகிறது. அவளுக்கு மட்டும் மீட்டர் பார்த்து வைத்தால் முகம் சாம்பல் பூத்து, அவனும் பின்னாலிருக்கும் ஜன்னலும் வெளுத்துப்போகும்.

தீர்வு லைட்டைக் கூட்டுவதில் இல்லை. வெள்ளை முகத்தின் வடிவம் நிழலில் தெரியும், கருத்த முகத்தின் வடிவம் பளபளப்பில் தெரியும். கன்னமேடு, மூக்குத் தண்டு, மேலுதட்டின் விளிம்பு எல்லாம் எதிரொளியால்தான் உருவாகின்றன. ஆகவே சின்ன, கடுமையான லைட்டை நேராக முகத்தில் அடிக்காமல், எட்டுக்கு நாலடித் தெர்மாகோலையோ வெள்ளைக் காடாத் துணியையோ பக்கவாட்டில் வைத்து அதில் லைட்டைப் பட்டு வரச் செய்ய வேண்டும். அந்த வெள்ளைப் பரப்பே கன்னத்தில் ஒரு நீண்ட ஒளிப்பட்டையாக விழும். தோலைத் தோலின் நிறத்திலேயே விட வேண்டும். மானிட்டரின் வெளிச்ச அளவில் 35இலிருந்து 45 சதவீதம் போதும், 70க்கு ஏற்றப் பார்ப்பதுதான் தப்பு. பக்கத்தில் வெள்ளைத் தோல் நடிகர் இருந்தால் அவர் பக்கம் லைட்டுக்கு முன்னால் ஒரு நெட், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் வலை, போடு. சிங்கிள் நெட் அரை ஸ்டாப் குறைக்கும், டபுள் நெட் ஒரு ஸ்டாப். அல்லது அவளை லைட்டுக்கு நாலடியிலும் அவனை ஆறடியிலும் உட்கார வை. சின்ன லைட் என்றால் அதிலேயே ஒரு ஸ்டாப் சரியாகிவிடும், பெரிய பரப்பு என்றால் கொஞ்சம் குறையும். பின்சுவர் அடர்நிறமாக இருந்தால் சுவருக்குத் தனியாக லைட் கொடு, இல்லையேல் தலைமுடி சுவரோடு கரைந்துவிடும்.

பவுடர் விஷயத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல். டச்சப் என்று ஓடிவந்து ஷாட்டுக்கு ஷாட் பவுடர் ஒற்றுவது ஒரு பழக்கம். வெள்ளைத் தோலில் அது வழவழப்பை அடக்கும். கருந்தோலில் முகத்துக்கு வடிவம் கொடுக்கும் பளபளப்பையே கொன்றுவிடும், பவுடரின் வெண்மை வேறு சாம்பலாகத் தெரியும். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் டிஷ்யூவால் ஒற்றி எடுத்தால் போதும், கன்னத்தைத் தொடாமல் விட வேண்டும். 'இன்செக்யூர்' தொடரின் ஒளிப்பதிவாளர் ஏவா பெர்காஃப்ஸ்கி செய்தது இதுதான்: தோலில் பளபளப்பான மாய்ஸ்சரைசர், முகத்தருகே வெள்ளைப் பரப்பு, பளபளப்பு மிஞ்சினால் லென்ஸில் எதிரொளியை வடிகட்டும் போலரைசரைத் திருப்பி அளவோடு குறைத்துக்கொள்வது. போலரைசர் ஒன்றரை ஸ்டாப்பாவது தின்னும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். குறைந்த வெளிச்சத்தில் எடுத்துவிட்டு, பிறகு கணினியில் நிறம் திருத்தும் டிஐயில் தூக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கெட்டுப்போகிறார்கள். நிழலைத் தூக்கினால் தோல் பால் கலந்தாற்போல் ஆகி, புள்ளி புள்ளியாக நாய்ஸ் வந்துவிடும்.

இதற்கெல்லாம் முன்பே சரியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஜூலி டாஷ் 1991இல் எடுத்த 'டாட்டர்ஸ் ஆஃப் த டஸ்ட்' படத்தை அவசியம் போடு. தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரத் தீவுகளில் வாழும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கல்லா மக்களின் கதை, காலம் 1902. ஒளிப்பதிவு ஆர்தர் ஜாஃபா. கோடாக்கை விட்டு அக்ஃபா ஃபிலிமில் எடுத்தார்கள், கருந்தோலை அது நன்றாக ஏந்தும் என்பதற்காக. கடற்கரையில் வெள்ளை உடுப்பும் கருத்த முகமும் ஒரே ஃபிரேமில் நிற்கின்றன. எந்த ஒளிப்பதிவாளரும் பயப்படும் ஷாட் அது. துணியின் மடிப்பும் தெரிகிறது, முகத்தின் ஒவ்வொரு கோடும் தெரிகிறது.

முடியைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை, அதனால் சொல்கிறேன். இறுகச் சுருண்ட முடி ஓரடி நீளம் இருந்தாலும் காய்ந்ததும் நாலைந்து அங்குலமாகச் சுருங்கிவிடும். காற்றில் ஈரம் மாறினால் ஷாட்டுக்கு ஷாட் வடிவம் மாறும். காய்ந்த முடியில் சீப்பு விட்டால் ஒடியும். பகுதி பகுதியாகப் பிரித்து, நனைத்து, கண்டிஷனர் தடவி, நுனியிலிருந்து வேர் நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். தினமும் அயர்ன் போட்டால் சில வாரத்தில் சுருளே திரும்பாது. விக் வைப்பதென்றால் முதலில் தலையோடு ஒட்டிய பின்னல், மேலே குல்லா, அதன்மேல் வலை விக். பின்னலைக் காதோரம் இறுக்கினால் அங்கே முடி உதிர்ந்துவிடும். வலைக்கு அவள் தோலின் நிறம் ஏற்றாவிட்டால் நெற்றியில் சாம்பல் கோடு விழும். இது தெரியாதவரிடம் தலையைக் கொடுக்க முடியாமல், நடிகைகள் விடியற்காலையில் வீட்டிலேயே தாங்களாகத் தலை செய்துகொண்டு, சொந்த ஃபவுண்டேஷனைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு செட்டுக்கு வந்தார்கள். கூலி இல்லாத வேலை. முடி, ஒப்பனைக்கான ஆஸ்கரைக் கறுப்பினப் பெண்கள் முதன்முதலில் வாங்கியது 2021இல்தான், மியா நீல், ஜமிகா வில்சன் இருவரும்.

இதெல்லாம் ஒரே காட்சியில் தெரிய வேண்டுமென்றால் 2014இல் வந்த 'ஹவ் டு கெட் அவே வித் மர்டர்' முதல் பருவத்தின் நாலாவது அத்தியாயத்தைப் போடு, கடைசிக் காட்சி. வயோலா டேவிஸ், வக்கீல் வேடம். கண்ணாடி முன் உட்கார்ந்து நகையைக் கழற்றுகிறார், விக்கைக் கழற்றுகிறார், ஒட்டிய இமைமுடியை உரிக்கிறார், முகத்தைத் துடைக்கிறார். அடியில் அவருடைய சொந்த முடி, கட்டையாக, தலையோடு ஒட்டி. துடைத்த முகத்தில் வெளிச்சம் பட்டுக் கன்னம் மின்னுகிறது. புருஷனிடம் அவர் கேட்கும் கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்தக் காட்சி வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் வயோலாதான். அடுத்த ஆண்டு நாடகத் தொடரின் முதன்மை நடிகைக்கான எம்மி அவருக்குக் கிடைத்தது. அந்தப் பிரிவில் வாங்கிய முதல் கறுப்பினப் பெண். இந்தக் காட்சியை இரண்டு தடவை போடு, இரண்டாவது தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு.

ஒன்று முக்கியம். உங்கள் மன்றத்து புரொஜெக்டரை 'விவிட்', 'டைனமிக்' என்று எதிலாவது வைத்திருப்பார்கள். அதில் கருமை எல்லாம் அப்பிக்கொள்ளும், நீ காட்ட நினைப்பது ஒன்றும் தெரியாது. 'சினிமா' என்று இருக்கும் அமைப்புக்கு மாற்றி, ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டு, பிள்ளைகள் வருவதற்கு அரைமணி நேரம் முன்னாலேயே வயோலாவின் அந்த ஷாட்டை நிறுத்திப் பார். காதுக்குக் கீழே தாடை முடிந்து கழுத்து தொடங்கும் இடம் தனியாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் பிரைட்னெஸை ஒவ்வொரு புள்ளியாக ஏற்று. தெரிந்ததும் நிறுத்திவிடு.

அம்மாவுக்கு என் வணக்கம். மூன்று மாலையும் எப்படிப் போனது, பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று விவரமாக எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி