கம்பி மாட்டும் முன் நாக்கையும் பாருங்கள்

பல்சீரமைப்பு மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் பேச்சுப் பயிற்சி அளிப்பவள். உங்கள் நாற்காலியிலிருந்து எழுந்த பிள்ளைகளில் சிலர் பிறகு என் மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறார்கள். இடையில் நமக்குள் ஒரு துண்டுச் சீட்டுகூடப் போய் வருவதில்லை.

சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்தாள். மேல் முன்பற்களும் கீழ் முன்பற்களும் ஒட்டாமல் இருந்த இடைவெளியை, இரண்டு ஆண்டுகள் கம்பி போட்டு அழகாக மூடியிருந்தார்கள். கழற்றிய மறு ஆண்டே இடைவெளி திரும்பிவிட்டது. கழற்றிய பிறகு பல் நகராமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னரை ஒழுங்காகப் போடவில்லை என்று வீட்டில் ஓயாத திட்டு. நான் அவளிடம் ஒன்றும் கேட்காமல், கையில் ஒரு படக்கதையைக் கொடுத்துவிட்டுக் கவனித்தேன். உதடுகள் பாதி திறந்திருந்தன. நாக்கின் நுனி கீழ்ப்பற்களின் மேல் ஏறி, அந்த இடைவெளியில் சொந்த வீடுபோலப் படுத்திருந்தது. ‘பசி’ என்று சொல்லச் சொன்னால் ‘பதி’ என்று கேட்டது. அவள் கொண்டுவந்த தடித்த கோப்பில் எக்ஸ்ரே இருந்தது, பல் அச்சு எடுத்த விவரம் இருந்தது, நாக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

விழுங்கும்போது நாக்கு பல்லைத் தள்ளுவதால்தான் இப்படி ஆகிறது என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் ஒருமுறை விழுங்கும்போது பல்லின் மீது அழுத்தம் படுவது ஏறக்குறைய ஒரு விநாடிதான். நாள் முழுவதையும் கூட்டினாலும் சில நிமிடங்களே தேறும். பல் நகர லேசான அழுத்தம் போதும், அது மணிக்கணக்கில் நீடிக்க வேண்டும். இதை விளக்கியவர் உங்கள் துறையின் வில்லியம் புரொஃபிட், 1978இல். ஆக, நாம் பார்க்க வேண்டியது சும்மா இருக்கும்போது நாக்கு எங்கே கிடக்கிறது என்பதை. முன்பற்களுக்குப் பின்னால் நீங்கள் பொருத்தும் நாக்குத் தடுப்புக் கம்பி அதை அங்கிருந்து விரட்டும். விரட்டப்பட்ட நாக்கு மேலண்ணத்தில் தங்கிப் பழக யாராவது சொல்லித்தர வேண்டாமா? மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதை வீங்கி மூக்கடைத்த பிள்ளையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் முதலில். மூச்சுக்கு வழியில்லாத குழந்தையிடம் ‘வாயை மூடு’ என்பது பாவம்.

எங்கள் தரப்பின் குறையையும் சொல்லிவிடுகிறேன். நாக்கு நீளும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பயிற்சி எழுதித் தரும் சிலர் எங்களில் உண்டு. நான்கைந்து வயதில் நாக்கை முன்னே தள்ளி விழுங்குவது பெரும்பாலும் தானே மாறக்கூடியது. தெத்துப்பல்லோடு மணிமணியாகப் பேசுகிறவர்களும் ஏராளம். அதேபோல், பல் நேரானால் பேச்சு தானாக நேராகிவிடும் என்று பெற்றோரிடம் நீங்கள் சொல்லாதீர்கள். ‘ழ’ வரவில்லை, கிளிப் போட்டால் வருமா என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். நாக்கை உள்ளே மடித்துச் சொல்லும் ஒலி அது. முன்பல்லுக்கு அங்கே வேலையே இல்லை. (கேட்டவருக்கும் ‘ழ’ வரவில்லை என்பது வேறு கதை.) ‘த’, ‘ந’, ‘ச’, ‘வ’ ஆகியவற்றில் குறை இருந்தால்தான் பல்லைச் சந்தேகிக்க வேண்டும்.

அண்ணப்பிளவோடு, அதாவது வாயின் மேற்கூரை பிளந்து, பிறந்த பிள்ளைகளின் விஷயத்தில் நாம் பேசிக்கொள்ளாமல் இருப்பதை என்னால் பொறுக்கவே முடியவில்லை. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் அண்ணத்தைத் தைத்துவிடுகிறார்கள். ஏழெட்டு வயதில், ஈறு எலும்பில் ஒட்டு வைப்பதற்கு முன்னேற்பாடாக, நீங்கள் விரிப்பான் மாட்டி அண்ணத்தை விரிக்கிறீர்கள். அப்போது தைத்த அண்ணத்தில் முன்பு சுருங்கிக் கிடந்த சிறு துளை பெரிதாகி, ‘ப’ சொல்லும்போது காற்று மூக்குக்குப் போகலாம். நான் ஆறு மாதம் பாடுபட்டுக் கொண்டுவந்த ஒலி ஒரே வாரத்தில் குலைந்தால் பிள்ளை சோம்பிவிட்டது என்று நினைப்பேனா, துளை திறந்தது என்று நினைப்பேனா? விரிப்பான் மாட்டிய தேதி தெரிந்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. வளர்ந்த பிறகு மேல்தாடையை முன்னே நகர்த்தும் அறுவை சிகிச்சைக்கும் இது பொருந்தும். முகம் அழகாகும்; ஆனால் அண்ணத்தின் மென்மையான பின்பகுதியான மெல்லண்ணம் தொண்டையின் பின்சுவரை எட்டாமல் போய், சிலருக்குப் பேச்சு மூக்கொலியாக மாறிவிடும். இதை அறுவைக்கு முன்பே சோதித்து, குடும்பத்திடம் சொல்லிவிட வேண்டும். மயக்க மருந்துச் சீட்டில் கையெழுத்து வாங்கும் நேரத்தில் சொல்லக்கூடாது.

சட்டமும் நம்மைத் தனித்தனி அறைகளில்தான் உட்கார வைத்திருக்கிறது. உங்களுக்கு 1948இல் வந்தது பல் மருத்துவர் சட்டம், எங்களுக்கு 1992இல் வந்தது இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம். உங்கள் துறைக்கு 2023இல் புதிய ஆணையச் சட்டம் வந்தபோதும் அறைகள் ஒன்றாகவில்லை. அது பற்றி எழுதினால் மடல் நீளும்.

நான் கேட்பது சிறிது. முன்பல் ஒட்டாத கடி, அண்ணப்பிளவு, விரல் சூப்பும் பழக்கம் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் கம்பி மாட்டும் முன் ஒருமுறை எங்களிடம் அனுப்புங்கள். பேச்சைப் பதிவு செய்து, எந்த ஒலியில் குறை என்று எழுதித் தருகிறோம். குறை இல்லையென்றால் அதையும் எழுதுகிறோம். விரிப்பானோ தடுப்புக் கம்பியோ வாயில் ஏறியதும் சில வாரங்கள் பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு கொஞ்சம் குழறும். அந்த வாரங்களில் ‘ச’வைப் பிடித்துப் பிள்ளையை நாங்கள் வதைக்காமல் இருக்க, மாட்டிய தேதியையும் கழற்றப் போகும் தேதியையும் சீட்டின் பின்பக்கத்திலாவது எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு பேச்சுப் பயிற்சியாளர்