சாலையிலிருந்து இரண்டு மாடி, ரயிலிலிருந்து ஐந்து

கேத்தி

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று மாதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சின்னவள் பிளஸ் டூ தேறிவிட்டாள். சென்ற செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டுக்கு மேலே இருந்த பேரிக்காய்த் தோட்டம் உனக்கு மறந்திருக்காது. கணக்கு வாத்தியாரின் குடை பறந்த அதே சரிவுதான். அங்கே இரண்டு ஆண்டுகளாக ஒரு தங்கும் விடுதி எழும்பிவருகிறது. பொக்லைன் வைத்துச் சரிவைச் செங்குத்தாக வெட்டி, வெட்டிய இடத்தில் ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். மூன்று நாள் மழையில் அதன் ஒரு பகுதி இடிந்து எங்கள் கேரட் பாத்திகளின் மேல் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். அவ்வளவு பெரிய சுவரில் தண்ணீர் கசிந்து வெளியேற ஒரு துளைகூட வைக்கவில்லை. மண்ணில் ஊறிய நீர் போக வழியில்லாமல் சுவரையே தள்ளியிருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து நாங்கள் குடிக்கும் ஊற்றுக் குழாயில் இன்றுவரை செம்மண் குழம்புதான் வருகிறது.

2024 ஜூலையில் வந்த சுயசான்றிதழ்த் திட்டத்தைப் பாராட்டி எழுதியிருந்தாய். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர் அலுவலகத்துக்கு அலையாமல், தானே சான்றளித்து உடனே அனுமதி பெறலாம் என்பது கோயம்புத்தூரில் நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் சமவெளியில் ஒருவர் தவறாகக் கட்டினால் அவர் வீடு விரிசல் விடும். இங்கே கீழே இருப்பவன் வீடு மண்ணுக்குள் போகும். 2009 நவம்பரில் இந்த நீலகிரி மாவட்டத்தில் மழையிலும் மண்சரிவிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும், மண் சரிந்த அச்சனக்கல் ஊருக்கு நாம் ஓடியதும் உனக்கும் நினைவிருக்கும். மண்வெட்டியைப் பிடித்தபடி நீ அழுததை நான் மறக்கவில்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. 1990 முதல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது. 1993 முதல் மலைநகரங்களுக்கென்று தனிக் கட்டட விதிகள் இருக்கின்றன. 7 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் மனத்தை அரிப்பது அந்த 7 மீட்டரை எங்கே நின்று அளக்கிறார்கள் என்பதுதான். அந்த விடுதி சாலையில் நின்று பார்த்தால் இரண்டு மாடி. நேற்று மேலே உள்ள லவ்டேல் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் கீழ்நோக்கி வரும்போது ஜன்னல்களை எண்ணினேன், ஐந்து வரிசை. மேலே உயர முடியாதவர்கள் மலையைக் குடைந்து கீழே இறங்குகிறார்கள். உயரத்தைக் கட்டுப்படுத்தும் விதி வெட்டும் ஆழத்தையும் அதே கண்டிப்போடு கட்டுப்படுத்தினால் ஒழிய எங்களைப் போன்றவர்களுக்குக் காப்பு இல்லை.

மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு நீதிமன்றம் 2024 மே மாதம் இ-பாஸ் என்னும் இணைய அனுமதிச் சீட்டைக் கொண்டுவந்தது. 2025 ஏப்ரலிலிருந்து கோடைக் காலத்துக்கு நீலகிரியில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்தது. கல்லாறு, பர்லியாறு சோதனைச் சாவடிகளில் வண்டிகளை எண்ணத் தெரிந்த நமக்கு, மேலே எத்தனை அறைகளுக்குத் தண்ணீர் இருக்கிறது, எந்தச் சரிவு எத்தனை சுவரைத் தாங்கும் என்று கணக்கிட்டு, எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) எழுதத் தெரியாதா? சாலை அகலத்தையும் மனையின் பரப்பையும் வைத்து வரைபடத்தில் மலையை வண்ணம் தீட்டிப் பிரிக்காமல், முதலில் ஓடைகளையும் ஊற்றுகளையும் சதுப்பையும் வரைந்துவிட்டு, மிச்சம் இருக்கும் இடத்தில் வீட்டை யோசிக்க வேண்டும் என்பதே என் கருத்து. நகரமைப்பு படித்த நீ இதில் எங்கே தவறு என்று சொல், கேட்டுக்கொள்கிறேன்.

அந்த விடுதியைப் பற்றி மனு எழுதி வைத்திருக்கிறேன். ஊரில் இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆனால் சரிவின் கோணம், வெட்டின் ஆழம் எல்லாம் எங்களுக்குக் கண்ணளவுதான். உன் கையால் அளந்து எழுதினால் அலுவலகத்தில் தள்ளிவிட மாட்டார்கள். அடுத்த சனிக்கிழமை அளவு நாடாவோடு வா. மேட்டுப்பாளையத்தில் காலை ரயிலைப் பிடி, கேத்தி வரும்போது பள்ளத்தாக்குப் பக்கம் உட்கார்ந்து ஜன்னல்களை நீயும் எண்ணிக்கொண்டு வா. ஸ்டேஷனில் நிற்கிறேன். குடிதண்ணீர் மட்டும் கையோடு கொண்டு வந்துவிடு.

உன்
பழைய பெஞ்சுத் தோழன்