ராத்திரி ஒத்திகை எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தீத்தொண்டு வாரத்தில் எங்கள் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் நடந்த தீயணைப்பு ஒத்திகையின் படம் உங்கள் நாளிதழில் வந்திருந்தது. பதினோரு மணி வெயில், மணல் வாளி, சுற்றிலும் கூட்டம். சரி, நல்லதுதான். பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். இதை ராத்திரி ஒரு மணிக்கு யாராவது செய்து பார்த்தார்களா?

2021 ஜனவரியில் மகாராஷ்டிராவின் பண்டாரா மருத்துவமனையில் 10 பச்சிளம் குழந்தைகளைப் பலிகொண்ட தீ, நள்ளிரவுக்கு மேல் பிடித்தது. 2024 மே மாதம் டெல்லி விவேக் விகாரிலும், அதே ஆண்டு நவம்பரில் ஜான்சியிலும் குழந்தைகள் பிரிவில் தீ பிடித்தது இரவு பத்து மணிக்கு மேல். அந்த நேரத்தில் பெரிய டாக்டர்கள் வீட்டில் இருப்பார்கள். வார்டில் இரண்டு சிஸ்டர், ஓர் ஆயாம்மா. குழந்தைக்குச் சூடு கொடுக்கும் வார்மரும் வென்டிலேட்டரும் ஓயாமல் ஓடும், காற்றில் ஆக்சிஜன் கூடுதலாக இருக்கும். ஒரு பொறி போதும்.

நான் இருந்த வார்டில் பின்கதவை மறித்து ஒரு பீரோ நின்றது. ஏசி குளிர் வெளியே போகிறதென்று பூட்டும் போட்டிருந்தார்கள். சாவி, பகலில் மட்டும் வரும் ஸ்டோர்காரரிடம்! நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் நுழைந்தால் வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டி அடுத்த தெருவில் இறங்கிவிடலாம். அந்தக் காலத்துக் கொத்தனாருக்குத் தெரிந்தது இது.

கதவு திறந்தாலும் வேலை முடியாது. வென்டிலேட்டரிலிருந்து எடுத்த குழந்தைக்கு, கையால் அழுத்திக் காற்றுக் கொடுக்கும் ஆம்பு பையை நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை அழுத்த வேண்டும். அதற்கே ஓர் ஆள் முழுசாகப் போய்விடும். 2012இல் சாண்டி புயலில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் மின்சாரம் போனபோது, ஒன்பதாவது மாடியிலிருந்து 20 குழந்தைகளை நர்சுகள் மார்போடு அணைத்துப் படி வழியாக இறக்கினார்கள். மூச்சுத் திணறியவர்களுக்கு வழியெல்லாம் கையாலேயே காற்றுக் கொடுத்தார்கள். பழகாத கைக்கு அது வராது.

அப்புறம் தாய்மார்கள். வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களை ஒத்திகையில் யாரும் கூப்பிடுவதில்லை. வெளியே வந்த குறைமாதக் குழந்தைக்கு உடம்புச் சூடு மளமளவென்று இறங்கும். அம்மாவின் வெற்று மார்போடு ஒட்டவைத்துப் போர்த்துவதுதான் அப்போது கையில் இருக்கும் வார்மர்.

காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை வட்டாரத்தில் தீயணைப்புத் துறையும் மருத்துவ இணை இயக்குநர் அலுவலகமும் சேர்ந்து, முன்கூட்டிச் சொல்லாமல் ஓர் இரவு ஒத்திகை நடத்தட்டும். குழந்தைக்குப் பதில் பொம்மை போதும். பின்கதவு திறக்க எத்தனை நிமிடம் ஆனது என்பதை மட்டும் எழுதி, வார்டு சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ்,
தேவகோட்டை