நான்கே வாரத்தில் நிறுத்தப்பட்டவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் முதன்முதலாக ஒளிபரப்பான இரவைப் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல உழைப்பு. ஆனால் 1966 செப்டம்பர் 8, வியாழக்கிழமை இரவு அதே 8:30 மணிக்கு ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய போட்டித் தொடரைப் பெயர்கூடச் சொல்லாமல் 'ஏதோ ஒரு உப்புச்சப்பில்லாத நகைச்சுவைத் தொடர்' என்று ஒதுக்கியிருப்பது மனதை உறுத்துகிறது. அது 'தி டாமி கிரைம்ஸ் ஷோ'.

டாமி கிரைம்ஸ் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் பாடி நடித்து வளர்ந்தவர். 1960-ல் மெரிடித் வில்சனின் 'தி அன்சிங்கபிள் மாலி பிரவுன்' இசை நாடகத்தில், டைட்டானிக்கிலிருந்து உயிர் தப்பிய மாலியாக வந்தார். 532 காட்சிகள் ஓடிய நாடகம் அது. அதன் இசைத்தட்டை என் கல்லூரி நாட்களில் ஒரு தோழியின் வீட்டில் கேட்டேன். மெல்லிய குயில் குரலை எதிர்பார்த்து உட்கார்ந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொண்டையில் மணல் ஒட்டிக்கொண்டது போன்ற கட்டைக் குரல். வரி முடிகிற இடத்தில் சட்டென்று உடையும். உடைந்த இடத்திலிருந்தே சிரிப்பாக மேலேறும். பாடுகிறாரா, பேசுகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அன்று மாலை அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டேன்.

நாடகத்தையே தோளில் சுமந்த அவருக்கு, அமெரிக்க மேடைக் கலைஞர்களுக்கான டோனி விருது துணை நடிகைப் பிரிவில்தான் கிடைத்தது. விளம்பரத்தில் அவர் பெயர் நாடகத் தலைப்புக்குக் கீழே இருந்தது என்பதே காரணம். 1964-ல் நாடகம் படமானபோது மாலி வேடம் டெபி ரெனால்ட்ஸுக்குப் போனது.

தொலைக்காட்சிக் கதை இன்னும் வருத்தமானது. 'பிவிட்ச்ட்' தொடரின் சூனியக்காரி சமந்தா வேடம் முதலில் டாமியைத் தேடித்தான் வந்தது. அதை வேண்டாமென்று விட்டவர், 1964-ல் ஆங்கில நாடகாசிரியர் நோயல் கவர்டின் நாடகத்தை ஒட்டி உருவான 'ஹை ஸ்பிரிட்ஸ்' இசை நாடகத்தில் ஆவியாக நடித்தார். மேடைதான் தன் வீடு என்று இருந்தவர் செய்யக்கூடியதைத்தான் செய்தார். இரண்டு ஆண்டு கழித்து அவர் பெயரிலேயே ஒரு தொடர் வந்தபோது, ஏபிசி அதை வைத்த இடம் 'பிவிட்ச்ட்' தொடருக்கு முந்தைய அரை மணி நேரம்! அவர் விட்ட வேடத்தில் எலிசபெத் மாண்ட்கோமரி கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார்.

தொடரில் டாமிக்குப் பணக்கார வாரிசு வேடம். கை நிறையச் செலவு செய்யும் பெண். எச்சில் கையால் காக்கை ஓட்டாத வங்கிக்கார மாமா. இரட்டைச் சகோதரனாக டிக் சார்ஜென்ட். (இதே சார்ஜென்ட்தான் 1969-ல் 'பிவிட்ச்ட்' தொடருக்குள் போய் சமந்தாவின் கணவராக ஆனார்.) கதையில் புதுமை இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பத்துப் பகுதிகள் எடுத்தார்கள், நான்கைக் காட்டினார்கள், செப்டம்பர் முடிவதற்குள் தூக்கிவிட்டார்கள்.

என் ஆதங்கம் இதில்தான். மேடை நாடகத்தை நியூயார்க்குக்குக் கொண்டுவருமுன் வெளியூர்களில் போட்டுப் பார்ப்பார்கள். பாட்டை மாற்றுவார்கள், காட்சியை வெட்டுவார்கள். ஆயிரம் பேர் எதிரில் இருந்து சிரிப்பதை வைத்தே டாமி போன்றவர்கள் தங்கள் நடிப்பைச் செதுக்கினார்கள். அப்படிப்பட்டவரைக் கேமரா முன் நிறுத்தி, நான்கே வாரத்தில் தேறவில்லை என்று முடிவுகட்டினால் எப்படி? 'ஸ்டார் ட்ரெக்'கூட முதல் நாளே ஊரைக் கட்டிப்போட்ட தொடர் அல்ல. ரசிகர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதித்தான் அதற்கு மூன்றாம் ஆண்டு கிடைத்தது. நான்கு வாரத்தில் நின்றுபோன தொடருக்காகக் கடிதம் எழுத யாருக்கு அவகாசம் இருந்தது?

டாமி மேடைக்கே திரும்பினார். 1970-ல் நோயல் கவர்டின் 'பிரைவேட் லைவ்ஸ்' நாடகத்துக்காக இரண்டாவது டோனி விருது, இந்த முறை முதன்மை நடிகையாக. 1980-ல் '42வது தெரு' இசை நாடகத்தில் டோரதி பிராக் வேடம். 2016 அக்டோபரில், 82 வயதில் மறைந்தார்.

கட்டுரையாளரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கட்டுரை நூலாக வரும்போது அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு டாமி கிரைம்ஸின் பெயரைப் போடுங்கள். முடிந்தால் அவரைப் பற்றித் தனியாக இரண்டு பக்கம் எழுதுங்கள். எழுதுமுன் மாலி பிரவுன் இசைத்தட்டை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகி,
திருச்சி